வெயிலில் நிற்கும் மோட்டார் சைக்கிள் எவ்வளவு சூடாகும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோடை நண்பகலில் வெயிலில் நின்ற வண்டியில் யோசிக்காமல் உட்கார்ந்து துள்ளி எழுந்தவர்களுக்கு இந்தப் பக்கத்தின் தேவையை விளக்க வேண்டியதில்லை. எந்தப் பாகம் எத்தனை டிகிரி சூடாகும், அவற்றில் எது வெறும் எரிச்சலோடு போகும், எது உண்மையில் தோலைப் புண்ணாக்கும் என்பதைப் பலரும் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்கிறார்கள். வெப்பமானியில் அதிக எண்ணைக் காட்டும் பாகம்தான் அதிகம் சுடும் என்ற எண்ணம் அந்தக் குழப்பங்களில் முதன்மையானது. கீழே வரும் வெப்பநிலைகள் அனைத்தும் செல்சியஸ் அளவில் தரப்பட்டுள்ளன.

கேள்வி: நேரடி வெயிலில் நிறுத்திய வண்டியின் பாகங்கள் எத்தனை டிகிரி வரை போகும்?

காற்றின் வெப்பநிலை 40 டிகிரியாகவும் வானம் தெளிவாகவும் காற்றோட்டம் மிகக் குறைவாகவும் இருக்கும் நண்பகலில், கறுப்பு ரெக்சின் போர்த்திய சீட் 70 முதல் 85 டிகிரி வரை ஏறக்கூடும். கருநிறம் பூசிய பெட்ரோல் டேங்கின் மேற்பகுதி ஏறத்தாழ 60 முதல் 75 டிகிரிக்குள் நிற்கும். வெள்ளை நிற டேங்க் 50 டிகிரியை ஒட்டியே இருக்கும். கைப்பிடி ரப்பரும் கறுப்புப் பிளாஸ்டிக் பாகங்களும் 60 முதல் 75 டிகிரி வரையிலும், பிரேக், கிளட்ச் லீவர்கள் அதைவிடச் சற்றுக் குறைவாகவும் இருக்கும். இவை எல்லாம் தோராய எல்லைகளே. மெல்லிய காற்று வீசினாலும், ஒரு மேகம் கடந்தாலும், வண்டி சற்றே சாய்ந்து நின்றாலும் 10 டிகிரி மாறிவிடும் என்பதால், ஒரே ஓர் எண்ணைச் சொல்லி அடித்துப் பேசுபவரைச் சற்று ஐயத்தோடு பார்ப்பது நல்லது.

கேள்வி: வானிலை அறிக்கை 40 டிகிரி என்கிறது. சீட் மட்டும் எப்படி 80 டிகிரிக்குப் போகிறது?

வானிலை அறிக்கையில் வரும் எண் காற்றின் வெப்பநிலை. அதை வெயில் படாத, காற்றோட்டமுள்ள வெண்ணிறக் கூண்டுக்குள், தரையிலிருந்து ஏறத்தாழ ஓர் ஆள் உயரத்தில் வைத்து அளக்கிறார்கள். வெயிலில் நிற்கும் ஒரு பொருளுக்கும் அந்த எண்ணுக்கும் உள்ள உறவு நாம் நினைப்பதைவிடத் தளர்வானது.

வளிமண்டலத்துக்கு வெளியே, சூரியனை நேராகப் பார்க்கும் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் ஏறத்தாழ 1361 வாட் ஆற்றல் விழுகிறது. தெளிந்த நண்பகலில் தரைக்கு வந்து சேர்வது சுமார் 1000 வாட். கறுப்பு ரெக்சின் அதில் 90 விழுக்காட்டுக்கு மேல் விழுங்கிவிடுகிறது. விழுங்கிய வெப்பத்தை அது வெளியே தள்ள மூன்று வழிகள் உண்டு: சுற்றியுள்ள காற்றுக்குக் கொடுப்பது, அகச்சிவப்புக் கதிராக வானத்துக்கு வீசுவது, அடியில் உள்ள பொருளுக்குக் கடத்துவது. சீட்டில் ரெக்சினுக்கு அடியில் இருப்பது ஃபோம். வெப்பத்தைக் கடத்தாமல் தடுப்பதில் ஃபோம் கெட்டிக்காரப் பொருள் என்பதால், மூன்றாவது வழி அநேகமாக மூடியே கிடக்கிறது. மற்ற இரண்டு வழிகளிலும் வெளியேறும் வெப்பம் உள்ளே வரும் வெப்பத்துக்குச் சமமாகும் வரை ரெக்சின் சூடாகிக்கொண்டே போகும். அசையாத காற்றில் இந்தச் சமநிலையைக் கணக்கிட்டால், காற்று 40 டிகிரியில் இருக்கும்போது கறுப்புப் பரப்பு 85 டிகிரிக்கு அருகில் வந்து நிற்கிறது. காற்று ஓரளவு வீசி, வெப்பத்தை இரு மடங்கு வேகத்தில் எடுத்துச் செல்வதாக வைத்துக்கொண்டால், அதே பரப்பு 70 டிகிரிக்குச் சற்றுக் கீழே இறங்கிவிடுகிறது. சுவர்களுக்கு நடுவே காற்று அடைபட்ட இடத்தில் நிறுத்திய வண்டி திறந்த வெளியில் நிற்பதைவிட அதிகம் சுடுவதற்குக் காரணம் இதுதான்.

கேள்வி: அந்த அளவுக்குச் சூடாக எவ்வளவு நேரம் ஆகும்?

பாகத்துக்குப் பாகம் மாறும். சீட்டின் மேலுறை ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் தடிமனே உள்ள மெல்லிய தோல் போன்றது. அதைச் சூடாக்கப் பெரிய அளவில் வெப்பம் தேவைப்படாததால், பத்து நிமிடத்திலேயே அது தன் உச்சத்தின் பெரும்பகுதியை எட்டிவிடும். "ஐந்து நிமிட வேலைதான்" என்று வெயிலில் விட்டுப் போகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். பெட்ரோல் நிரம்பிய டேங்கோ மிக மெதுவாகச் சூடாகும். 10 லிட்டர் பெட்ரோலின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்தவே சுமார் 16 கிலோஜூல் வெப்பம் தேவை என்பதால், உள்ளே இருக்கும் திரவம் மெல்ல மெல்லத்தான் ஏறும். ஆனால் திரவம் தொடாத மேற்பகுதியில் தகட்டுக்குப் பின்னால் ஆவி மட்டுமே இருப்பதால், அந்தப் பகுதி திரவ மட்டத்துக்குக் கீழே உள்ள பகுதியைவிட விரைவாகச் சூடேறும். அரை டேங்கோடு நிற்கும் வண்டியின் டேங்கை மேலிருந்து கீழாகப் புறங்கையால் தடவிப் பார்த்தால், பெட்ரோல் எந்த உயரத்தில் நிற்கிறது என்பதைக் கையே சொல்லிவிடும்.

கேள்வி: ஒரு நாளில் வண்டி அதிகம் சூடாக இருக்கும் நேரம் எது?

சீட் போன்ற மெல்லிய, கிடைமட்டப் பரப்புகள் சூரியன் உச்சியில் நிற்கும்போதும் அதற்குப் பிந்தைய இரண்டு மணி நேரத்திலும் உச்சத்தைத் தொடும். காற்றின் வெப்பநிலை பிற்பகலில்தான் உச்சத்துக்கு வரும் என்பதால், டேங்க் போன்ற கனமான பாகங்கள் இன்னும் தாமதமாகச் சூட்டின் உச்சத்தை அடையும்.

கேள்வி: வண்டியின் நிறம் உண்மையில் அவ்வளவு முக்கியமா?

ஆம். மேலே சொன்ன அதே கணக்கை நல்ல வெள்ளைப் பூச்சுக்குச் செய்தால், 85 டிகிரிக்குப் பதிலாக 50 டிகிரிக்கு அருகில் விடை வருகிறது. வெள்ளை வண்ணம் சூரிய ஆற்றலில் ஏறத்தாழ கால் பங்கை மட்டுமே விழுங்குகிறது. அதே நேரத்தில் அகச்சிவப்புக் கதிராக வெப்பத்தை வெளியே வீசுவதில் அது கறுப்புக்குச் சற்றும் சளைத்ததல்ல. உள்ளே வருவது குறைவு, வெளியே போவது வழக்கம்போல. அதனால்தான் இத்தனை வேறுபாடு.

சிவப்பு, நீலம், பச்சை போன்ற நிறங்களைப் பற்றிக் கண்ணை மட்டும் நம்பி முடிவு சொல்ல முடியாது. தரைக்கு வரும் சூரிய ஆற்றலில் ஏறத்தாழ பாதி, கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பாக வருகிறது. அந்தப் பகுதியை ஒரு வண்ணம் விழுங்குகிறதா திருப்பி அனுப்புகிறதா என்பது அதில் கலந்துள்ள நிறமியைப் பொறுத்தது. பார்வைக்கு ஒரே மாதிரி தெரியும் இரண்டு கருநீல டேங்குகள் வெவ்வேறு அளவில் சூடாகலாம். பளபளப்பான கறுப்பா, மங்கலான கறுப்பா என்ற விவாதத்துக்கு இதில் அதிக இடமில்லை. பளபளப்பு திருப்பி அனுப்பும் கூடுதல் ஒளி மிகச் சிறிய பங்கே.

இத்தனையும் சொன்ன பிறகு ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பலர் வண்டியின் நிறத்தைப் பற்றிக் கவலைப்பட்டு வெள்ளை வாங்குகிறார்கள். ஆனால் வெள்ளை வண்டிக்கும் சீட் பெரும்பாலும் கறுப்புதான்.

கேள்வி: குரோம் பூசிய பாகங்கள் வெயிலைக் கண்ணாடி போலத் திருப்பி அனுப்புமே, அவை சூடாகாதா?

எதிர்பார்ப்பதைவிட அதிகமாகவே சூடாகும். குரோமியம் சூரிய ஆற்றலில் ஏறத்தாழ 40 விழுக்காட்டை விழுங்கிக்கொள்கிறது. வெள்ளை வண்ணத்தைவிட இது அதிகம். அதோடு, வழவழப்பான உலோகப் பரப்பு அகச்சிவப்புக் கதிராக வெப்பத்தை வெளியே வீசுவதில் மிகவும் கஞ்சத்தனமானது. வண்ணம் பூசிய பரப்பு வீசுவதில் பத்தில் ஒரு பங்கு அளவுதான் அதனால் முடியும். விழுங்கிய வெப்பத்துக்குக் காற்று ஒன்றே போக்கிடமாகிறது. பின்புறம் வெப்பம் கடத்த வழியில்லாத குரோம் தகடு ஒன்று அசையாத காற்றில் 75 டிகிரியை எட்டலாம் என்று கணக்கு காட்டுகிறது. வண்டியில் இருக்கும் பெரும்பாலான குரோம் பாகங்கள் சட்டகத்தோடு இணைந்து வெப்பத்தைக் கடத்திவிடுவதால் அவ்வளவு தூரம் போவதில்லை என்றாலும், "பளபளப்பாக இருக்கிறது, அதனால் குளிர்ச்சியாக இருக்கும்" என்று நம்பித் தொடுவதற்கு இடமில்லை.

கேள்வி: அகச்சிவப்பு வெப்பமானியை நீட்டிப் பார்த்தேன், குரோம் 45 டிகிரி என்று காட்டியது. தொட்டால் கை சுடுகிறதே?

கருவி ஏமாந்திருக்கிறது. துப்பாக்கி வடிவில் விற்கப்படும் இந்த வெப்பமானி பரப்பிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிரை அளந்து, அந்தப் பரப்பு கதிர்வீசுவதில் 95 விழுக்காடு திறன் கொண்டது என்று வைத்துக்கொண்டு வெப்பநிலையைக் கணிக்கிறது. சீட், ரப்பர், வண்ணம் பூசிய டேங்க் ஆகியவற்றுக்கு இந்த அனுமானம் பொருந்தும். குரோமுக்கும் மெருகேற்றிய அலுமினியத்துக்கும் பொருந்தாது. அவற்றை நோக்கிக் கருவியை நீட்டும்போது, அது பெரும்பாலும் அந்த உலோகத்தில் பிரதிபலிக்கும் வானத்தையோ எதிர்ச் சுவரையோதான் அளந்துகொண்டிருக்கும். சரியாக அளக்க எளிய வழி உண்டு. கறுப்பு இன்சுலேஷன் டேப்பில் ஒரு சிறு துண்டை உலோகத்தின் மீது அழுத்தி ஒட்டி, நிழலில் சில நிமிடம் விட்டு, டேப்பின் மீது அளக்க வேண்டும். வெயில் படும்படி விட்டால் கறுப்பு டேப் தானாகவே சூடேறி, இம்முறை எதிர்த்திசையில் ஏமாற்றும்.

கேள்வி: டேங்கும் கைப்பிடி ரப்பரும் ஒரே 60 டிகிரியில் இருந்தும், டேங்க் மட்டும் ஏன் கையைச் சுடுகிறது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படிக்கலாம். தோல் உணர்வது பொருளின் வெப்பநிலையை அல்ல. பொருளும் தோலும் சந்திக்கும் அந்த எல்லைக்கோட்டில் உண்டாகும் வெப்பநிலையையே அது உணர்கிறது. தொட்ட கணத்தில் பொருள் தன் வெப்பத்தை எவ்வளவு விரைவாகத் தோலுக்குள் தள்ளுகிறது, தோல் அதை எவ்வளவு விரைவாக உள்வாங்குகிறது என்ற இழுபறியில்தான் அந்த எல்லை வெப்பநிலை முடிவாகிறது. வெப்பத்தை நன்றாகக் கடத்தும், கனமான பொருள் இந்த இழுபறியில் எளிதில் வென்றுவிடும்.

எண்களில் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். கையின் தோல் 33 டிகிரியில் இருப்பதாகக் கொள்வோம். 60 டிகிரி அலுமினியக் கட்டி ஒன்றைத் தொட்டால், தொடும் இடம் உடனே 58 டிகிரிக்கு மேல் போய்விடும். அதே 60 டிகிரியில் உள்ள ரப்பரையோ பிளாஸ்டிக்கையோ தொட்டால், தொடும் இடம் 42 டிகிரிக்கு அருகில்தான் நிற்கும். முன்னது கையை உதறச் செய்யும்; பின்னது வெறும் வெதுவெதுப்பைவிடச் சற்று அதிகம். சீட்டின் ரெக்சின் 80 டிகிரியில் இருந்தாலும் தோலோடு தொடும் இடம் 47 முதல் 49 டிகிரி அளவில்தான் இருக்கும். அது நன்றாக வலிக்கும், ஆனால் ஒரு நொடியில் புண்ணாக்காது. மேலும் அந்த மெல்லிய உறையில் தேங்கியிருக்கும் வெப்பம் மிகக் குறைவு, அடியில் உள்ள ஃபோமும் புதிதாக வெப்பம் தராது. ஆகவே சில நொடிகளிலேயே அந்தச் சூடு தளர்ந்துவிடும்.

உலோகங்களுக்குள்ளும் வேறுபாடு உண்டு. டேங்கின் தகடு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் தடிமன் கொண்டது. அதில் உள்ள வெப்பத்தைக் கை ஓரளவு விரைவில் இழுத்துத் தீர்த்துவிட முடியும். வார்ப்பு உலோகத்தாலான ஃபுட்ரெஸ்ட், பின்னால் இருப்பவர் பிடித்துக்கொள்ளும் கம்பி போன்ற தடித்த பாகங்கள் அப்படி எளிதில் ஓயாது. வெப்பமானி 80 காட்டும் சீட்டைவிட, 60 காட்டும் பிடிகம்பியிடம் அதிகக் கவனம் தேவை என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுவே.

கேள்வி: எந்த அளவுச் சூடு தோலை உண்மையில் புண்ணாக்கும்?

தோலுக்கு வலி தொடங்குவது ஏறத்தாழ 43 முதல் 45 டிகிரியில். புண்ணாவது வெப்பநிலையை மட்டுமல்லாமல் நேரத்தையும் பொறுத்தது. 1947இல் மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவுகள் இன்றும் இத்துறையின் அடிப்படையாக உள்ளன. அவற்றின்படி, தோலின் பரப்பு 44 டிகிரியில் இருந்தால் புண்ணாக ஏறத்தாழ ஆறு மணி நேரம் ஆகும். 60 டிகிரியில் சுமார் ஐந்து நொடிகள் போதும். 70 டிகிரியில் ஒரு நொடியே அதிகம். இங்கே குறிப்பிடப்படுவது தோல் பரப்பின் வெப்பநிலை என்பதையும், முந்தைய பதிலில் கண்டபடி அது தொட்ட பொருளின் வெப்பநிலையிலிருந்து வெகுவாக வேறுபடலாம் என்பதையும் மறந்துவிடக் கூடாது. வெயிலில் காய்ந்த கனமான உலோகத்தைப் பிடித்துக்கொண்டே இருந்தால் புண்ணாகும். பெரியவர்கள் வலி தெரிந்தவுடன் கையை எடுத்துவிடுவதால்தான் அது அரிதாக நிகழ்கிறது.

கேள்வி: குழந்தைகளை அப்படியே ஏற்றி உட்கார வைக்கலாமா?

கூடாது. குழந்தையின் தோல் மெல்லியது. அதே சூட்டில் அது விரைவாகவும் ஆழமாகவும் புண்ணாகும். பெரியவர் கையில் தூக்கி வைத்த குழந்தையால் தானாகத் துள்ளி எழவும் முடியாது. முழுக்கால்சட்டை அணிந்த பெரியவருக்கு ஒன்றுமே தெரியாத சீட், வெறும் தொடையோடு உட்காரும் குழந்தைக்குக் கடுமையாகச் சுடும். நீரிழிவு போன்றவற்றால் கால்களில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அவர்களுக்கு வலி என்ற காவலாளி இல்லை.

கேள்வி: வெயிலில் நின்ற வண்டியின் சைலன்சரும் அதே அளவுதான் சூடாக இருக்குமா?

எஞ்சின் ஓடாமல் வெயிலில் மட்டும் நின்றிருந்தால், ஆம். ஆனால் ஓடி நின்ற வண்டியின் கதை முற்றிலும் வேறு. எஞ்சினை ஒட்டிய புகைக்குழாய் 300 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். சைலன்சரின் வெளித்தகடும் 100 டிகிரிக்கு மேல் எளிதாகப் போகும். வெயில் தரும் சூடு எத்தனை கடுமையாக இருந்தாலும் 85 டிகிரியைச் சுற்றியே முடிந்துவிடுகிறது. எஞ்சின் தரும் சூட்டுக்கு அத்தகைய எல்லை இல்லை. வண்டியால் ஏற்படும் மோசமான தீப்புண்கள், கெண்டைக்கால் சைலன்சரில் உரசுவதால் ஏற்படுபவையே. கோடையில் காற்றுக்கும் சைலன்சருக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாடு சற்றுக் குறைவதால், அது ஆறவும் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுக்கும்.

கேள்வி: வெயிலில் நின்றால் பெட்ரோல் டேங்க் வெடிக்குமா?

வெயில் சூட்டால் மட்டும் பெட்ரோல் தானாகப் பற்றிக்கொள்ளாது. தீப்பொறி இல்லாமல் பெட்ரோல் ஆவி தானே பற்றுவதற்கு 250 டிகிரிக்கு அருகிலோ அதற்கு மேலோ வெப்பம் தேவை. மிகச் சூடான டேங்க்கூட அதன் மூன்றில் ஒரு பங்கைத்தான் நெருங்குகிறது. ஆனால் இதை வைத்துக்கொண்டு அலட்சியமாக இருக்கவும் கூடாது. தீப்பொறி இருந்தால் பெட்ரோல் ஆவி பற்றும் வெப்பநிலை சுழியத்துக்கும் 40 டிகிரி கீழே இருக்கிறது. அதாவது எந்தப் பருவத்திலும் அது பற்றத் தயாராகவே இருக்கிறது. கோடையில் ஆவியின் அளவு மட்டும் கூடுகிறது. பெட்ரோலின் இலேசான கூறுகள் 35 முதல் 40 டிகிரியிலேயே கொதிக்கத் தொடங்குவதால், சூடான டேங்கின் மூடியைத் திறக்கும்போது "உஸ்" என்று ஆவி வெளியேறுவது இயல்பே. மூடியை மெதுவாகத் திறக்க வேண்டும், முகத்தை அதன் நேர் மேலே நீட்டக் கூடாது, அருகில் நெருப்பு எதுவும் இருக்கக் கூடாது.

கேள்வி: கோடையில் டேங்கை முழுக்க நிரப்பக் கூடாது என்கிறார்களே?

வெடித்துவிடும் என்பது தவறு. விளிம்பு வரை நிரப்பக் கூடாது என்பது சரி. பெட்ரோல் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு விரிவடையும். நிலத்தடித் தொட்டியிலிருந்து குளிர்ச்சியாக வரும் 10 லிட்டர் பெட்ரோல் டேங்கில் 25 டிகிரி சூடேறினால், கிட்டத்தட்ட கால் லிட்டர் கூடுதலாகிவிடும். அதற்கு இடமில்லையென்றால் அது காற்றுத் துளை வழியாகக் கசியும். புதிய வண்டிகளில் ஆவியைப் பிடித்து வைக்கும் கரிப் பெட்டிக்குள் திரவமாகவே புகுந்து அதைப் பாழாக்கவும் கூடும். நிரப்பும் வாயின் கழுத்துக்குக் கீழே நிறுத்திக்கொண்டால் போதும்.

கேள்வி: டயரில் காற்றைக் குறைத்து வைக்க வேண்டுமா?

வேண்டாம். 25 டிகிரியில் 33 பி.எஸ்.ஐ. நிரப்பிய டயரின் உள்காற்று 55 டிகிரிக்குச் சூடானால், அழுத்தம் ஏறத்தாழ 38 பி.எஸ்.ஐ. ஆகும், தோராயமாக ஆறு டிகிரிக்கு ஒரு பி.எஸ்.ஐ. என்று நினைவில் கொள்ளலாம். தயாரிப்பாளர் தரும் அளவு குளிர்ந்த டயருக்கானது. இந்த ஏற்றத்தையும் கணக்கில் கொண்டுதான் அதை நிர்ணயித்திருக்கிறார்கள். சூடான டயரிலிருந்து காற்றை இறக்கிவிட்டால் மறுநாள் காலை அது குறைவாக இருக்கும். குறைந்த காற்றோடு ஓடும் டயர் அதிகமாக நெளிந்து, மேலும் சூடாகும். காலையில், வண்டியை எடுக்கும் முன்பாக அளப்பதே முறை.

கேள்வி: ஹெல்மெட்டை வண்டியிலேயே மாட்டிவிட்டுப் போகலாமா?

ஹெல்மெட்டின் உள்ளே அடியைத் தாங்கும் வெள்ளைத் தெர்மோகோல் போன்ற பகுதி 100 டிகிரியை நெருங்கினால் உருமாறத் தொடங்கும். 75 முதல் 80 டிகிரியில் நீண்ட நேரம் இருப்பதும் அதற்கு நல்லதல்ல. கறுப்பு ஹெல்மெட்டின் வெளி ஓடு வெயிலில் அந்த அளவை நெருங்கலாம். ஆனால் உட்பகுதி வெப்பத்தைக் கடத்தாதது என்பதால் ஒரு நாள் வெயிலில் கெட்டுவிடாது. ஆண்டுக்கணக்கில் தினமும் வெயிலில் காய்வதே கேடு. இதைவிடப் பெரிய தவறு ஒன்று இருக்கிறது: ஹெல்மெட்டை டேங்க் மூடியின் மீது கவிழ்த்து வைப்பது. அந்த வெள்ளைப் பகுதி பெட்ரோலில் கரையக்கூடிய பொருளால் ஆனது. சூடான டேங்கிலிருந்து கசியும் பெட்ரோல் அதைக் கண்ணுக்குத் தெரியாமல் அரித்துவிடும்.

கேள்வி: வெயிலில் நின்றபின் மீட்டர் திரை கறுத்துப் போகிறது. பழுதா?

பெரும்பாலும் இல்லை. திரவப் படிகத் திரைகள் ஒரு குறிப்பிட்ட வெப்பநிலைக்கு மேல் தம் ஒழுங்கமைப்பை இழந்து முழுவதும் கறுத்துவிடும். ஆறியதும் பழையபடி தெளியும். ஆறிய பிறகும் கறை நின்றால்தான் கவலைப்பட வேண்டும். ஹேண்டிலில் மாட்டிய கைபேசியை வெயிலில் சார்ஜ் செய்வதைத் தவிர்க்கலாம். லித்தியம் பேட்டரிகளை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்வது அவற்றின் ஆயுளைக் குறைக்கும்.

முன்புறம் வளைந்த காற்றுத் தடுப்புக் கண்ணாடி உள்ள வண்டிகளில் இன்னொரு விந்தையும் நடக்கலாம். சூரியன் குறிப்பிட்ட கோணத்தில் வரும்போது அந்த வளைவு ஒளியைக் குவித்து, மீட்டரைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கில் சிறு புள்ளியை உருக்கிவிடக்கூடும். இது போன்ற குவிப்பு ஒன்றுதான் மேலே சொன்ன 85 டிகிரி எல்லையை உடைக்க வல்லது. பின்பார்வைக் கண்ணாடிகள் தட்டையாகவோ வெளிப்புறம் புடைத்தோ இருப்பதால் அவை ஒளியைக் குவிப்பதில்லை.

கேள்வி: சைடு ஸ்டாண்டு தார்ச் சாலையில் புதைகிறது. இதுவும் வெயிலாலா?

ஆம். கறுத்த தார்ப் பரப்பு நண்பகலில் 60 டிகிரியைத் தாண்டும். வழக்கமான பல தார் வகைகள் 45 முதல் 55 டிகிரியிலேயே இளகத் தொடங்குபவை. வண்டியின் கணிசமான எடையைச் சிறிய உலோகப் பாதம் ஒன்று தாங்கும்போது அது மெல்ல மெல்ல அமிழ்ந்து, வண்டி சாய்ந்துகொண்டே போய், ஒரு கட்டத்தில் விழுந்துவிடும். ஸ்டாண்டின் அடியில் தட்டையான கல்லையோ பலகைத் துண்டையோ வைப்பது போதுமானது. சென்டர் ஸ்டாண்டு எடையைப் பிரித்துத் தாங்குவதால் ஓரளவு நல்லது.

கேள்வி: சூடான சீட்டின் மீது தண்ணீர் ஊற்றினால் ஆறுமா?

ஆறும், ஆனால் ஊற்றும் அளவுக்குத் தண்ணீர் தேவையில்லை. சீட்டின் உறையில் தேங்கியுள்ள வெப்பம் ஏறத்தாழ 20 கிலோஜூல் அளவே. 10 மில்லிலிட்டர் தண்ணீர் ஆவியானாலே அவ்வளவு வெப்பத்தை எடுத்துச் சென்றுவிடும். ஆகவே ஒரு குவளையைக் கவிழ்ப்பதற்குப் பதிலாக, ஈரத்துணியால் இரண்டு முறை துடைத்து அரை நிமிடம் காத்திருப்பதே சிறந்தது. ஊற்றினால் தையல் துளைகள் வழியே ஃபோம் நனைந்து, போகிற வழியெல்லாம் கால்சட்டையை நனைக்கும். டேங்கின் வண்ணத்தின் மீது உப்புத் தண்ணீர் ஆவியானால் வெள்ளைக் கறை நிற்கும். ஓடி நின்ற எஞ்சின் மீதும் சைலன்சர் மீதும் தண்ணீர் ஊற்றவே கூடாது. அது வேறு அளவுச் சூடு என்பதை முன்பே பார்த்தோம்.

கேள்வி: வண்டியை மூடும் உறை உதவுமா?

நன்றாகவே உதவும். வெள்ளி நிறப்புறம் வெளியே இருக்க வேண்டும். அடியில் காற்றுப் போகும் அளவு தளர்வாகவும் இருக்க வேண்டும். உறை சூடானாலும் அந்தச் சூடு சீட்டுக்கு நேராக வருவதில்லை. வண்டி ஓடி வந்தவுடன் போர்த்தினால் சைலன்சரில் பட்டு உறை உருகும் என்பது மட்டுமே இதில் உள்ள சிக்கல். சீட்டுக்கு மட்டும் போடும் வலை உறைகளும் பயனுள்ளவை. அவை தோலுக்கும் ரெக்சினுக்கும் இடையே காற்றுக்கு இடம் விடுவதோடு, தொடும் பரப்பின் அளவையும் குறைக்கின்றன.

கேள்வி: எங்கே, எப்படி நிறுத்துவது நல்லது?

வண்டியை விட்டுப் போகும்போது எங்கே நிழல் இருக்கிறது என்று பார்க்காமல், திரும்பி வரும்போது எங்கே நிழல் இருக்கும் என்று பார்க்க வேண்டும். நண்பகலுக்குப் பிறகு சூரியன் மேற்கே இறங்க, சுவர், மரம் எதுவாக இருந்தாலும் அதன் கிழக்குப் பக்கத்தில் நிழல் நீண்டுகொண்டே போகும். ஆகவே நண்பகலில் நிறுத்தி மாலையில் எடுப்பதானால், இப்போது வெயில் படும் கிழக்குப் பக்க இடம்கூட நல்ல தேர்வாக இருக்கலாம். சீட் பத்தே நிமிடத்தில் சூடாகும் என்பதுபோல, நிழல் வந்தபின் பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஆறியும் விடும். மரநிழல் சுவர் நிழலைவிடக் குளிர்ச்சியானது. பறவை எச்சத்தைத் துடைக்க மனமிருந்தால் அதையே தேர்ந்தெடுக்கலாம்.

கேள்வி: சூடான பாகத்தைத் தொட்டுக் கை சுட்டுவிட்டால் என்ன செய்வது?

குளிர்ந்த குழாய்த் தண்ணீர் 20 நிமிடம் ஓடும்படி அந்த இடத்தைக் காட்ட வேண்டும். வெயிலில் காய்ந்த குழாயிலிருந்து முதலில் சுடுதண்ணீரே வரும்; அதை ஓடவிட்ட பிறகே கையை நீட்ட வேண்டும். பனிக்கட்டி, பற்பசை, எண்ணெய் எதையும் வைக்கக் கூடாது. கொப்புளம் பெரிதாக எழுந்தாலோ, முகம், கை, மூட்டு ஆகிய இடங்களில் சுட்டிருந்தாலோ, சுட்டது குழந்தையை என்றாலோ, மருத்துவரிடம் காட்டுவது அவசியம்.

கேள்வி: உட்காரலாமா வேண்டாமா என்று வெப்பமானி இல்லாமல் எப்படி அறிவது?

புறங்கையைச் சீட்டின் நடுவில் ஐந்து நொடி வைத்துப் பார்க்கலாம். உள்ளங்கையைவிடப் புறங்கையின் தோல் மெல்லியது என்பதால் அதுவே நம்பகமானது. ஐந்து நொடி தாங்கினால் துணி அணிந்த உடல் தாராளமாகத் தாங்கும். இந்தச் சோதனை சீட்டுக்கும் ரப்பருக்கும் மட்டுமே உரியது. பிடிகம்பி, ஃபுட்ரெஸ்ட், டேங்க் மூடி ஆகியவற்றை விரல் நுனியால் ஒரு கணம் தட்டிப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.